ஷேம்

முதலில் கேட்டது டர்பன் விமான நிலையத்தில்.
தோளில் தூங்கிப்போயிருந்த என் மகனைப் பார்த்து
முத்திரை குத்துகிற பெண் சொன்னாள்: ஷேம்.
அவசரமாய் அவன் கால்சட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.
ஈரமில்லை.

எனக்குத் தெரிந்த ஷேம் வேறு.
விருதுநகர், ஒன்றாம் வகுப்பு, பி பிரிவு.
மூன்றாவது பெஞ்சின் அடியிலிருந்து கிளம்பி
சிமெண்டுத் தரையில் அவசரமில்லாமல்
வாசல் வரை போன ஒரு கோடு.
நாற்பத்திரண்டு பேர் அதை இரண்டிரண்டாய்ச் சொல்லிக்
கைதட்டினார்கள்.
அந்தச் சொல்லுக்கு அதற்குமேல் ஒரு பொருள் வேண்டுமென்று
எனக்குத் தோன்றியதேயில்லை.

சாட்ஸ்வொர்த்தில் அது கடுகு மாதிரி,
எதிலும் கிடக்கிறது.
எதிர்வீட்டில், ஸ்கூல் வேன் ஓட்டும் தெய்வானை படையாச்சி
பூனைக்குட்டியை உள்ளங்கையில் ஏந்திச் சொல்கிறார்.
வேனில் ஒரு பிள்ளைக்குப் பல் விழுந்தால் சொல்கிறார்.
சித்தப்பா மகனுக்குப் புற்றாம்,
அதற்கும் அதே சொல், கொஞ்சம் இழுத்து.
ரொட்டியைத் தூக்கிக்கொண்டு கூரையேறிய குரங்குக்கு
முதலில் செருப்பு பறந்தது.
அதன் வயிற்றில் குட்டி தொங்குவது தெரிந்ததும்
ஷேம், இன்னொரு துண்டு போடு.

கிளினிக்கில் என்னோடு மருந்து எண்ணும் நொக்குத்துலா
ஸூலுவில் பேசும்போதும் அது வருகிறது,
ஓரம் தேய்ந்த காசைப்போல: ஷெம்.

அகராதியைப் பிரித்தேன்.
வெட்கம். அவமானம். மானக்கேடு.
மூன்றையும் அந்தப் பூனைக்குட்டிக்குப் போட்டுப் பார்த்தேன்.
எதுவும் அளவு சரியில்லை.

"பாவம்னு சொல்ற மாதிரிம்மா" என்றேன் போனில்.
"எந்தப் பாவம்?" என்றாள் அம்மா.
"செஞ்சதா, பட்டதா?"
லைன் கட்டாகிவிட்டது.

ஜூலையில் பன்னிரண்டு நாள் குழாயில் வெறும் காற்று.
சமூகக் கூடத்தில் நாற்காலி போதாமல்
ஜன்னலில் எல்லாம் ஆள்.
கவுன்சிலர் மூன்சாமி வந்தார்
(ஊரிலேயே இருந்திருந்தால் முனுசாமி).
வால்வு என்றார், பம்ப் என்றார், பட்ஜெட் என்றார்,
பொறுமை என்றபோது
பின்வரிசையிலிருந்து முதல் குரல் எழுந்தது.
தெய்வானை.
ஷேம்!
அப்புறம் சுவர், கூரை, ஜன்னல் எல்லாம்
ஷேம்! ஷேம்!
முப்பது வருஷத்துக்குப் பிறகு
என் தொடைகள் தாமாக நெருங்கிக்கொண்டன.

அவர் காகிதத்தைத் தேடினார்.
கை நடுங்கிக் கண்ணாடி கீழே விழுந்தது,
ஒரு சில்லு தெறித்து மேசைக்கடியில் ஓடியது.
முழங்காலிட்டுத் தரையைத் தடவினார் மனிதர்,
பின்மண்டையில் வழுக்கை பளபளக்க,
சட்டை வெளியே வந்து.

"ஷேம்..." என்றார் தெய்வானை.
அதே வாய். கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை,
கழுத்து நரம்பு புடைத்துத்தான் இருந்தது.
எழுந்து போய், குனிந்து,
சில்லை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு,
"சரி, இப்போ சொல்லு, தண்ணி எப்போ?" என்றார்.
மொத்த வாக்கியத்தில் தண்ணி மட்டும் தமிழ்.

லாரி வருமென்றார்கள்.
வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு ரோட்டோரம் உட்கார்ந்தோம்.
அவர் நார்ச்சி உரித்தார்.
நம் நாரத்தைதான் கப்பலேறி இப்படி ஆனதென்று
யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன்.
தோல் சுலபமாய்க் கழன்றுவிடுகிறது.

ஏனோ அந்த மூன்றாவது பெஞ்சைச் சொன்னேன்.
கணவனிடம்கூடச் சொல்லாதது.
கோடு வாசல் வரை போனதை, டீச்சரும் சிரித்ததை,
பாவாடையைப் பிழிந்துகொண்டு
வெயிலில் தனியாக நடந்ததை.

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.
ஷேம், என்றார்.

நாற்பத்திரண்டு பேரும் ஒருகணம்
கையைப் பாதியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள்.
பாதிப் பழம் என் கைக்கு வந்தது.
கொட்டையை எங்கே துப்புவதென்று நான் பார்த்துக்கொண்டிருக்க
லாரி ஹாரன் அடித்தது.
வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.